கட்டைவிரல் வைத்த வில்லை

அன்பிற் குறையாத என் மகளுக்கு,

உன் அன்னை எழுதுவது. இவ்விடத்தில் நானும் உன் தந்தையும் காய்ச்சலின்றி, இருமலின்றி, மூன்று வேளையும் உண்ணும் நிலையில் இருக்கிறோம். உறக்கத்தைப் பற்றி மட்டும் கேட்காதே. அவ்விடத்தில் நீயும் குறைவின்றி இருக்கிறாய் என்பதை உன் குரலில் கேட்டுவிட்டேன் என்றாலும் உன் கையெழுத்தில் காணவே விழைகிறேன். ‘விழைகிறேன்’ என்று நான் எழுதியதை உன் தந்தை என் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்துவிட்டு, “மகளுக்குக் கடுதாசி எழுதறியா, கோர்ட்டுக்கு மனு எழுதறியா?” என்று கேட்டுவிட்டுப் போனார். அவர் கேட்பார். பட்டறைக்குக் கண்ணாடி சுற்றி வந்த பழைய செய்தித்தாள்களைப் பிரித்துப் பிரித்துப் படித்தே எழுத்துக் கற்றவள் நான். அரும்பாடுபட்டுச் சேர்த்த சொற்களைப் பூட்டி வைத்துப் பூசணம் பிடிக்க விட மாட்டேன்.

இதையெல்லாம் தொலைபேசியில் சொன்னால் ஆகாதா என்பாய். ஆகாது. தொலைபேசியில் நீ இடையில் புகுவாய், நான் பேச்சை மாற்றுவேன், இருவரும் சாப்பாட்டைப் பற்றிப் பேசி முடித்துவிடுவோம். சென்ற முறை நீ அழைத்தபோது உன் அலுவலகத்தில் எல்லோரையும் திரும்ப வரச் சொல்கிறார்கள் என்றும், சன்னல் திறக்க முடியாத அந்த அறையில் வரிசையாக அமர்ந்து நாள் முழுவதும் தொலைபேசியில் வாடிக்கையாளர்களிடம் பேச வேண்டும் என்றும், உனக்குப் போக மனமில்லை என்றும் சொன்னாய். அதற்கு நான் மேடையில் நிற்பவளைப் போல, “உழைப்புக்கு அஞ்சுகிறவள் என் வயிற்றில் பிறக்கவில்லை” என்றேன். நீ “சரிம்மா, வெக்கிறேன்” என்று வைத்துவிட்டாய். அந்த ஒரு வாக்கியத்தைப் பற்றித்தான் இந்தக் கடிதம். அது இன்னும் இந்த வீட்டில்தான் சுற்றிக்கொண்டிருக்கிறது, வெளியே போகத் தெரியாத வௌவாலைப் போல.

முதலில் வீட்டுச் செய்தி. உன் தந்தை பழைய வானொலியை மூன்றாம் தடவையாகப் பிரித்துப் பூட்டியிருக்கிறார். ஒவ்வொரு தடவையும் ஓரிரு திருகாணிகள் மிச்சமாகின்றன, ஆனாலும் அது பாடுகிறது. தும்மல் வந்தால் மாடிப்படிக்கு ஓடுகிறார். மேல்தளத்தில் இருக்கும் மருந்துக்கடைக்காரர் வேலை முடிந்து வந்தால் வீட்டுக்குள் போகாமல் படியிலேயே சட்டையைக் கழற்றிப் பைக்குள் போடுகிறார். அவருடைய மனைவி கதவுக்குப் பின்னால் நின்று, “மூச்ச விடாம உள்ள வாங்க” என்கிறாள், பாவம், அவரும் கன்னத்தை உப்பிக்கொண்டு ஓடுகிறார். சிரிப்பு வருகிறது. சிரித்து முடித்ததும் வேறு எந்தச் சத்தமும் இல்லை என்பது தெரிகிறது. தெருவில் வண்டி இல்லை. பக்கத்துச் சுவருக்கு அப்பால் யாரோ இருமுகிறார்கள், நிறுத்துகிறார்கள். நிறுத்தியபின் அடுத்த இருமலுக்காக நாங்கள் இருவரும் கையில் எடுத்த குவளையை அப்படியே வைத்துக்கொண்டு காத்திருக்கிறோம். வராவிட்டால் அதுவும் பயமாக இருக்கிறது.

இனி நான் மறைத்த செய்தி. மனத்தைத் திடப்படுத்திக்கொண்டு, அமர்ந்து படி. பட்டறையில் எனக்கு எதிரே அமரும் ஆந்தைச் சித்தி எப்படி இருக்கிறாள் என்று நீ கேட்கும்போதெல்லாம் “இருக்கிறாள்” என்றே சொல்லி வந்தேன். அவள் இல்லை. நோய் பரவுகிறது என்று பட்டறையை மூடிய அடுத்த வாரம் அவளுக்குக் காய்ச்சல் கண்டது, எனக்கும் அதே வாரம்தான் கண்டது. எனக்கு இறங்கியது, அவளுக்கு இறங்கவில்லை. யாரிடமிருந்து யாருக்குப் போனது, அல்லது இருவருக்கும் வேறெங்கிருந்து வந்தது என்பதை யாராலும் சொல்ல முடியாது, நானும் கேட்பதை நிறுத்தப் பழகிக்கொண்டிருக்கிறேன். அவளுடைய கணவர் மருத்துவமனை வாசலில் அவளை இறக்கிவிட்டதுதான், பிறகு பார்க்க விடவில்லை. ஒரு பையில் அவள் செருப்பைப் போட்டுக் கொடுத்தார்களாம். அந்த மனிதர் நம் தெருவின் எதிர்ப்பக்கத்தில் நின்று, பையைத் தூக்கிக் காட்டி, “இவ்வளவுதாங்க குடுத்தாங்க” என்று கத்திச் சொன்னார். நான் சன்னலில் நின்றேன். இறங்கிப் போய் அவர் முன்னே நிற்கவும் இயலவில்லை, கதவைச் சாத்தவும் இயலவில்லை. உன்னிடம் சொல்லாததற்குக் காரணம், சொன்னால் நீ அழுவாய் என்பதன்று; சொன்னால் அது நடந்ததாகிவிடும் என்பதுதான்.

எங்கள் வேலை உனக்குத் தெரியாததன்று. இருந்தாலும் முறைப்படி எழுதுகிறேன், நாளை உன் பிள்ளைகள் இந்தக் கடிதத்தை எடுத்துப் படித்தால் அவர்களுக்கும் விளங்க வேண்டும். மூக்குக்கண்ணாடிக்கான லென்ஸை, கடிதம் என்பதால் வில்லை என்றே எழுதுகிறேன், உள்ளே ஆண்கள் தேய்த்து மெருகேற்றி அனுப்புவார்கள். நாங்கள் பெண்கள் சோதனை மேசையில் இருவர் இருவராக எதிரெதிரே அமர்ந்து அதைப் பார்ப்போம். வெறும் கண்ணுக்கு மெல்லிய கீறல் தெரியாது. வாயருகே வைத்து ஒரு மூச்சு ஊத வேண்டும், பனி படியும், பனி மறையும் அந்தக் கண நேரத்தில் கீறல் இருந்தால் முடியைப் போல ஒரு கோடு எழும். கண்ணின் கூர்மையால் அந்தப் பெயர் வாங்கிய ஆந்தை முதலில் ஊதிப் பார்த்து எனக்கு நகர்த்துவாள், நான் இரண்டாவதாக ஊதிப் பார்ப்பேன். அவளுக்குக் கீறல் தென்பட்டால் பேச மாட்டாள், வில்லையின் நடுவில் கட்டைவிரலை அழுத்தி அனுப்புவாள். பார்த்தால் ஒன்றும் தெரியாது. நான் ஊதியதும் பனிக்குள்ளிருந்து அவளுடைய ரேகை எழும். அப்படியானால் கழிவு, கூடையில் போட வேண்டியது. இதுதான் எங்கள் மேசைகளின் சட்டம், எந்த முதலாளியும் எழுதித் தந்ததன்று. உன்னைப் பெண் பார்க்க வந்த அந்த வழுக்கைத்தலைப் பொறியாளரை நீ வேண்டாம் என்றபோது பட்டறை முழுவதும், “பொண்ணு கட்டவெரல் வச்சிடுச்சு” என்று சிரித்தது நினைவிருக்கிறதா? உன் தந்தை சமைக்கும் நாளில் சாப்பாட்டுப் பாத்திரத்தைத் திறந்து பார்த்துவிட்டு ஆந்தை மூடியின் மேல் கட்டைவிரலை அழுத்திக் காட்டுவாள்.

ஆனால் ஒரு வழக்கு எங்களுக்குள் ஓயவே இல்லை. அவள் கழிவு என்று அனுப்பும் வில்லைகளில் சிலவற்றில் எனக்குக் கீறல் தெரியாது. நான் ஊதுவேன், திருப்புவேன், வெளிச்சத்தில் சாய்ப்பேன், பிறகு மேசைக்குக் குறுக்கே அவள் மூக்கின் கீழ் நீட்டி, “எங்கடி இருக்கு?” என்பேன். அவள் நான் ஊதிய பனியின் மேலேயே இன்னொரு மூச்சு ஊதி, நகத்தால் ஓர் இடத்தைத் தொட்டு, “இதோ, புலவரக்கா. புத்தகத்த மூடிட்டு கண்ணத் தொறங்க” என்பாள். எனக்கு அப்போதும் தெரியாது. தெரிந்ததாகத் தலையாட்டுவேன். பொழுதுக்கும் இதே பாட்டு. ஒரே வில்லையில் அவள் மூச்சும் என் மூச்சும் எத்தனை முறை மாறி மாறிப் படிந்திருக்கும் என்பதை இப்போது எண்ணிப் பார்க்காமல் இருக்க முடியவில்லை.

பட்டறையைத் திறக்க அனுமதி வந்ததும் மேலாளர் எனக்குத்தான் முதலில் தொலைபேசினார். அவர் கெட்டவர் அல்லர், உன்னைவிடச் சற்றே மூத்தவர், குரலை உயர்த்தத் தெரியாதவர். எல்லோருக்கும் முகக்கவசம், கையுறை, மேசைதோறும் ஒரு சிறிய நீராவிப் பெட்டி; வில்லையை அதன் வாயில் காட்டினால் பனி படிந்துவிடும், யாரும் ஊத வேண்டியதே இல்லை என்றார். “அம்மா, நீங்க வந்தா எல்லாரும் வருவாங்க. இந்த மாசத்துக்குள்ள மேசை ஓடலேன்னா இந்த வேலைய வேற ஊருக்கு மாத்திடுவாங்க, அப்புறம் என் கையில இல்ல” என்றார். நான் பெண்களிடம் பேசினேன். ஒருத்திக்கு வீட்டில் படுத்த படுக்கையாக மாமியார், ஒருத்திக்கு மூன்று மாதக் குழந்தை, ஒருத்தி காரணமே சொல்லவில்லை, “அந்த ரூமை நெனச்சாலே நெஞ்ச அடைக்குதுக்கா” என்றாள். கடைசி மேசை நெட்டையை உனக்குத் தெரியும், வாசற்படியில் குனியாமல் வந்து நெற்றியில் இடித்துக்கொள்பவள். அவள்தான், “நீங்க மொதல்ல போய் ஒக்காருங்க. நாங்க சன்னலுக்கு வெளிய நின்னு பாக்கறோம். நல்லாருக்குன்னு நீங்க சொல்லிட்டா வர்றோம்” என்றாள். எல்லோரும் அதற்கு ஒப்பினார்கள். எனக்கு உள்ளூரப் பெருமையாகத்தான் இருந்தது. என் ஒரு சொல்லுக்கு இத்தனை பேர் காத்திருக்கிறார்கள் என்று, சொல்ல வேண்டியதைக் கண்ணாடி முன் நின்று ஒத்திகைகூடப் பார்த்தேன். உன்னிடம் அந்தப் பொன்மொழியை உதிர்த்ததும் அந்த நாள்களில்தான்.

போனேன். அறையெங்கும் மருந்து தெளித்துத் துடைத்து, தரை பளபளவென்று இருந்தது. மருந்து நெடி முகக்கவசத்தையும் மீறிக் கண்ணைக் கரித்தது. மேசைகள் மட்டும் பழையபடி எதிரெதிராகவே இருந்தன. எதிர் நாற்காலியில் ஆந்தையின் மெத்தைத் துண்டு கிடந்தது, அவள் உட்கார்ந்த பள்ளம் அப்படியே இருந்தது. மூடிய நாளில் பாதியில் விட்ட தட்டும் இருந்தது; வில்லைகள் கெட்டுவிடுமோ என்று துடைக்கிறவர்கள் அதைத் தொடாமல் மேலே ஒரு துணியைப் போட்டிருந்தார்கள். சன்னல்களுக்கு வெளியே பெண்கள் எட்டி எட்டி நின்றார்கள், முகம் மூடியிருந்ததால் கண்களாக மட்டும் நின்றார்கள். நான் அமர்ந்து, கையுறை மாட்டி, தட்டிலிருந்து ஒவ்வொன்றாக எடுத்து நீராவிப் பெட்டியில் காட்டினேன். பெட்டியின் மேல் குற்றமில்லை, மகளே. பனி நன்றாகவே படிந்தது. வெளியே நின்றவர்களைப் பார்த்துத் தலையசைத்தேன், மேலாளர் மூச்சுவிட்டார். கைகள் வேகம் பிடித்தன. பழைய வேகம். அறையை மறந்தேன், வெளியே நின்றவர்களை மறந்தேன், நோயை மறந்தேன். எப்போது முகக்கவசத்தை இறக்கினேன் என்று எனக்கு இன்றுவரை தெரியாது. ஒரு வில்லையை வாயருகே வைத்து ஊதினேன். பனிக்குள்ளிருந்து அவளுடைய கட்டைவிரல் எழுந்தது.

முழு ரேகை. நடுவில் சுழி, ஓரத்தில் அவள் சிறு வயதில் கத்தி பட்ட வெட்டு. அப்போதாவது நான் விழித்திருக்க வேண்டும். விழிக்கவில்லை. வில்லையைத் திருப்பினேன், வெளிச்சத்தில் சாய்த்தேன், கீறல் தெரியவில்லை, மேசைக்குக் குறுக்கே கையை நீட்டி, என்றும் போல், “எங்கடி இருக்கு?” என்று கேட்டுவிட்டேன். உரக்கவே கேட்டேன். நீட்டிய கை அங்கேயே நின்றது. அவள் வாங்கிக்கொள்வாள் என்று விரல்கள் பிடியைத் தளர்த்திக்கூட விட்டன. திறந்த சன்னல் வழியாக நெட்டையின் குரல்தான் வந்தது, “அக்கா... யாரைக் கேக்கறீங்க?”

சன்னல்களில் இருந்த கண்கள் பின்னால் நகர்ந்தன, ஓடவில்லை, முதுகைக் காட்டாமல் பின்னாலேயே நகர்ந்து போயின. மேலாளர் மட்டும் அருகில் வந்து, “பழக்க தோஷம்தானேம்மா, சரியாயிடும், அவங்ககிட்ட ஒரு வார்த்த சொல்லுங்க” என்றார். ஒத்திகை பார்த்து வைத்த அத்தனை வாக்கியங்களில் ஒன்றுகூட என் வாய்க்கு வரவில்லை. பழக்கம்தான், அவர் சொன்னது சரியே. ஆனால் இந்தப் பழக்கம் என் ஒருத்தியிடம் மட்டுமா இருக்கிறது? அங்கே நின்ற ஒவ்வொருத்தியும் எதிரே ஒருத்தி இருந்தால் ஊதுவாள், நீட்டுவாள், வாங்குகிறவள் அதன் மேல் ஊதுவாள். நான் நீட்டிய இடத்தில் ஆள் இல்லாததால் அன்று யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. நான் அவரிடம், “என் சொல்லால் யாரையும் அழைக்க மாட்டேன், ஐயா. மேசைகளைப் பிரித்து ஒவ்வொன்றையும் ஒரு சன்னலுக்கு நேராகப் போடுங்கள். எதிரில் ஆள் இருக்கக் கூடாது. கையை நீட்டினால் சன்னல் கம்பியில் இடிக்க வேண்டும். அப்போது நானாக வருவேன், மற்றவர்கள் அவரவர் முடிவு” என்றேன். மேலிடத்தில் கேட்டுச் சொல்வதாகச் சொன்னார். இன்னும் சொல்லவில்லை. மாதமும் முடியப் போகிறது.

எல்லோரும் என்னைப் போற்றுகிறார்கள் என்று எண்ணிவிடாதே. போக விருப்பமில்லாதவள் என்பதால் நான் வேண்டுமென்றே நாடகம் போட்டேன் என்று ஒருத்தி பரப்பியிருக்கிறாள். குழந்தைக்காரி தொலைபேசியில் அழுதாள், “உங்களுக்கென்னக்கா, மாமா பென்ஷன் வருது, பேய் பிடிச்ச மாதிரி பேசிட்டு வீட்டுக்குப் போயிட்டீங்க. நான் பயந்துகிட்டே போயிருப்பேன். இப்போ பயந்துகிட்டு வீட்ல இருக்கேன், அடுப்புல பூனை தூங்குது” என்றாள். நம் வீட்டு அரிசி மூட்டையில் பாதியை உன் தந்தை அவள் வாசலில் வைத்துவிட்டு வந்தார். அது பதில் ஆகாது என்பது எங்கள் இருவருக்கும் தெரியும். நெட்டை மட்டும் நாள்தோறும் பட்டறைப் பக்கம் போய்ச் சன்னல் வழியாக எட்டிப் பார்த்து, “மேசைய நகத்தலக்கா” என்று எனக்குத் தகவல் சொல்கிறாள். சன்னல் கம்பியிலும் நெற்றியை இடித்துக்கொண்டாளாம்.

அந்த வில்லையை நான் கூடையில் போடவில்லை. விளிம்பைப் பிடித்து, செய்தித்தாளில் சுற்றி வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டேன். கழிவுதானே, களவு என்று யாரும் சொல்ல மாட்டார்கள். சமையலறைச் சன்னலில் வைத்துக் காலையிலும் பார்க்கிறேன், வெயில் சாயும்போதும் பார்க்கிறேன். கீறல் தெரியவில்லை. உன் தந்தையும் பார்த்தார், “எனக்கு வானொலித் திருகாணியே தெரிய மாட்டேங்குது” என்றார். பிறகு மெதுவாக, “ஒரு தடவ ஊதிப் பாரேன்” என்றார். ஊதினால் அவள் எழுவாள். எனக்குத் தெரியும். எழுந்து, கண நேரம் இருந்து, ஓரத்திலிருந்து நடுவை நோக்கி மறைவாள். அதை நான் வீட்டுக்குள் ஒருமுறை பார்த்துவிட்டேன் என்றால் பின்பு நாளெல்லாம் ஊதிக்கொண்டே இருப்பேன். அதனால் ஊதவில்லை. துடைக்கவும் இல்லை. அந்த வில்லையில் கீறல் இருக்கிறது என்பதில் மட்டும் எனக்கு ஐயமில்லை; என் கண்ணுக்குத் தெரியாததால் இல்லாமல் போய்விடாது. அவள் விரல் வைத்தால் வைத்ததுதான்.

ஆகையால் மகளே, அன்று நான் உன்னிடம் சொன்ன வாக்கியத்தைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன். நீ அஞ்சியது உழைப்புக்கு அன்று. அந்தச் சன்னல் திறக்காத அறையில் உனக்கு ஏதோ தென்படுகிறது. உன் மேலதிகாரிக்குத் தென்படவில்லை, இங்கே அமர்ந்து பொன்மொழி உதிர்த்த எனக்கும் தென்படவில்லை. எங்களுக்குத் தெரியவில்லை என்பதற்காகத் தலையாட்டிவிட்டுப் போய் உட்காராதே. போகத்தான் வேண்டும் என்று உனக்கே தோன்றினால் போ, நான் தடுக்கவில்லை. வயிறு என்று ஒன்று இருப்பதைக் குழந்தைக்காரி எனக்கு நினைவூட்டிவிட்டாள். ஆனால் என் வாய்ச்சொல்லுக்காகப் போகாதே. வேலை போனால் நம் வீட்டில் உனக்குப் படுக்க இடம் இருக்கிறது, உன் தந்தை பிரித்துப் போட ஏதாவது வைத்திருப்பார், நாம் மூவரும் பூட்டலாம். மேசைகளைச் சன்னலுக்கு மாற்றினால் நான் போவேன். அதற்கு நீ வழக்குத் தொடுக்கக் கூடாது. மாற்றாவிட்டால் போகேன், இது உறுதி.

நோய் உன்னை நெருங்காதிருக்கட்டும், தனிமை உன்னைத் தின்னாதிருக்கட்டும், உன் முகம் முழுவதையும் மூடாமல் நேரில் காணும் நாள் எங்களுக்கு வாய்க்கட்டும். நேரத்துக்குச் சாப்பிடு, தலையை ஈரத்தோடு முடியாதே. இன்னொன்று. முகக்கவசம் போட்டால் கண்ணாடியில் பனி படிந்து ஒன்றுமே தெரியவில்லை என்றாயே, அதற்காகச் சட்டை நுனியில் தேய்க்காதே, தண்ணீரில் கழுவி மெல்லிய துணியில் ஒற்றி எடு. சட்டகம் உடைந்தால் சட்டகத்தை மட்டும் மாற்று, வில்லைகளை மாற்றிவிடாதே. நீ அங்கே புறப்படுவதற்கு முன் அவற்றை நம் பட்டறையில்தான் செய்தார்கள். என் மகளுக்கு என்று தெரிந்ததும் ஆந்தை அவற்றை நான்கைந்து தடவை ஊதிப் பார்த்தாள், அத்தனை பேரும் காத்திருக்க வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பிறகு கட்டைவிரல் வைக்காமல் என் பக்கம் நகர்த்தினாள்.

என்றும் உன் நலம் நாடும்,
உன் அன்னை